மயக்கத் துப்பாக்கியின் முதல் நாள்

காலை ஒன்பதரைக்குப் புதுத் துப்பாக்கிப் பெட்டியை மகதலேனா திறந்தபோதுதான் நிஜாமின் போன் அடித்தது. பேசி முடித்துவிட்டு அவளிடம் திரும்பினான்.

"டாக்டர், காஜாங் பக்கம் ஒரு தாப்பிர். வீடு கட்டுற இடத்துல பெரிய லோங்காங் வாய்க்கால்ல விழுந்துடுச்சாம். ஏற முடியல. போலாம் லா."

மகதலேனா வனவிலங்கு மருத்துவர். நிஜாம் ஐந்து வருடமாக அவளோடு லோரி ஓட்டுகிறவன். பெட்டியில் இருந்தது, காற்றழுத்தத்தால் மருந்து ஊசியை எய்து விலங்குகளை மயக்கும் ரைபிள். எட்டு மாதம் அனுமதிக்குக் காத்திருந்து, நேற்றுதான் அம்பாங்கிலிருந்த அவர்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது.

"அப்படியே எடுத்துட்டுப் போயிடலாமே. புதுசுதானே?"

"புதுசுங்கறதாலதான் பார்க்கணும். ஃபேக்டரில பூசின எண்ணெய் உள்ள அப்படியே இருக்கும். ஊசி எந்த வேகத்துல போகும்னு நமக்கே தெரியாது. லோங்காங்ல இருக்கறது ஓடிடாது. அரை மணி நேரம் குடு."

நிஜாம் மறுக்கவில்லை. போன வருடம் பழைய துப்பாக்கியில் அழுத்தம் எகிறி, ஊசி ஒரு குரங்கின் தொடை எலும்பை முறித்ததை அவனும் பார்த்திருந்தான்.

குழல் காலியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டாள். பிறகு வெள்ளைத் துணித் துண்டு ஒன்றைக் கம்பியில் மாட்டி, பின்பக்கமிருந்து உள்ளே தள்ளினாள். மறுமுனையில் அது தேன் நிறமாக வந்து விழுந்தது. அடுத்தது வெளிர் மஞ்சள். ஆறாவது துண்டு போனபடியே வெள்ளையாக வந்தது. குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பி, பின்முனையில் கண்ணை வைத்தாள்.

ஒளி வளையம் வளையமாக நின்றது. ஒன்றுக்குள் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் பொட்டளவு வானம். ஒரு கீறல் இல்லை. இரும்புக்குள் இப்படி ஒன்று இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"நிஜாம், வந்து பாரு."

அவசரப்படுத்திக்கொண்டிருந்தவன் குனிந்தான். நிமிர நேரமாயிற்று. "யா அல்லாஹ்," என்றான் மெதுவாக. "கிணத்துக்குள்ள விளக்கு ஏத்தி வச்ச மாதிரி இருக்கு, டாக்டர்."

காற்றை ஏற்றியதும் 'உஸ்' என்று சத்தம். காதை வைத்துத் தேடினாள். ரப்பர் வளையம் ஒன்று மடங்கிக் கிடந்தது. பெட்டியிலிருந்த மாற்று வளையத்தைப் போட்டாள், சத்தம் நின்றது. ஊசியில் தண்ணீர் நிரப்பி, பின்முற்றத்தில் அட்டைப்பெட்டியைக் குறிவைத்துச் சுட்டாள். ஒரு சாண் கீழே குத்தியது. அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள். அடுத்த இரண்டும் குறித்த இடத்திலேயே பாய்ந்தன.

கட்டுமான இடத்தில் எல்லா இயந்திரங்களும் நின்றிருந்தன. தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து அங்கே மேற்பார்வை பார்க்கும் பக்கிரிசாமி, வேலையாட்களைத் தூரத்தில் நிறுத்தியிருந்தார்.

"மேடம், இது யானைக்குட்டியா, பன்னியா?" என்றார் ரகசியக் குரலில்.

"ரெண்டும் இல்லண்ணே. தாப்பிர். காட்டுல இலை தின்னுற சாதுப் பிராணி."

சிமெண்ட் வாய்க்காலுக்குள் அது நின்றது. முன்பாதி கறுப்பு, முதுகிலிருந்து பின்னால் வெள்ளை, பின்கால்கள் மறுபடி கறுப்பு, குட்டித் தும்பிக்கை. பன்னிரண்டு அடி தூரத்திலிருந்து அழுத்தத்தைக் குறைத்து, பின்தொடையில் சுட்டாள். மூடி திறந்த மாதிரி ஒரு சின்னச் சத்தம்தான். விலங்கு திரும்பிப் பார்த்தது, ஒரு சுற்று நடந்தது, முழங்கால் மடக்கிப் படுத்தது.

மகதலேனா இறங்கினாள். கண்ணைத் துணியால் மூடி, மூச்சை எண்ணினாள். நெஞ்சுத் துடிப்பைப் பார்க்க நகர்ந்த கை வயிற்றருகே நின்றது. தோலுக்கு அடியில் ஏதோ புரண்டது. மறுபடியும், இந்த முறை உள்ளங்கையை உதைத்தது.

"குட்டி," என்றாள்.

நிஜாம் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்தான். அவளே அவன் கையைப் பிடித்து அங்கே வைத்தாள். மேலே பக்கிரிசாமி செருப்பைக் கழற்றிவிட்டு, கைகட்டி நின்றார். ஒருவரும் போனில் படம் எடுக்கவில்லை.

கிரேனில் தூக்கி, கூண்டில் ஏற்றி, மதியம் மூன்றரைக்குக் காட்டோரம் இறக்கினார்கள். மாற்று மருந்து போட்ட கொஞ்ச நேரத்தில் தாப்பிர் எழுந்தது. இரண்டடி தள்ளாடி, ஒரு கிளையை இழுத்து இலையை மென்றது. பிறகு புதருக்குள் போனது. அசைந்த செடிகள் அடங்கின.

இருவரும் லோரியில் ஏறி உட்கார்ந்தார்கள்.

"டாக்டர்," என்றான் நிஜாம், "நாம இன்னும் சாப்பிடவே இல்ல."