இருபத்தேழாவது ஸ்லைடு

ஐரோப்பிய மற்றும் பன்னாட்டு ஆய்வு மையத்தில் ஆய்வு உதவியாளரான அவளை ‘அடிக்குறிப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில் பேசுகிறாள் என்று நிகழ்ச்சி மேலாளர் வைத்த பெயர் அது. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. அடிக்குறிப்பைப் படிப்பவர்கள் குறைவு. தப்பாக இருந்தால் மட்டும் எல்லோரும் படிப்பார்கள்.

அந்த மையத்தில் ஒரு விதி உண்டு. ஆய்வு முடிவைப் பொதுக்கூட்டத்தில் பேசுவதற்கு முன், நேர்காணல் கொடுத்த அத்தனை பேருக்கும் அழைப்பு போக வேண்டும். தவறாமல் போகும். ஆனால் யாரும் வந்ததில்லை. போருக்குத் தப்பி எல்லையை நடந்து கடந்தவர்கள், அதைப் பற்றி வேறொருவர் படம் போட்டுப் பேசுவதைக் கேட்க எதற்கு வர வேண்டும்?

அன்று சாயங்காலம், அவளுக்கு நேர்காணல் கொடுத்த தையல்கார அக்கா வந்திருந்தார். கூடவே ஒரு மனிதர்.

“என் வீட்டுக்காரர். அழைப்பைப் பார்த்ததுலேர்ந்து போயே ஆகணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு” என்றார் அக்கா.

“உங்க அக்கா மூணு மணி நேரம் உங்ககிட்ட பேசினாளாமே. வீட்டுல மூணு வார்த்தைக்கு மேல வராது. அப்படி என்னதான் சொன்னான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்” என்று அவர் சிரித்தார். வலது தோள் சற்றுத் தாழ்ந்திருந்தது.

அக்கா அவள் பக்கமாகச் சாய்ந்து, “பேரெல்லாம் வராதுல்ல?” என்றார்.

“வராதுக்கா” என்றாள்.

பேர் வராது. ஊர் வராது, வயது வராது. தையல்காரி என்பதைக்கூட ‘கைத்தொழில் செய்பவர்’ என்று மாற்றியிருந்தாள். ஆனால் இருபத்தேழாவது ஸ்லைடில் அக்கா சொன்னது சொன்னபடியே இருந்தது:

‘அவர் ஆம்பளைங்க வரிசையில, என் தையல் மெஷினைப் போர்வையில சுத்தித் தோள்ல வெச்சிக்கிட்டு நின்னாரு. கூட யார் வந்திருக்காங்கன்னு அதிகாரி கேட்டாரு. யாருமில்லைன்னு சொன்னேன்.’

தனியாக வரும் பெண்களை அன்றைக்கே உள்ளே விடுகிறார்கள் என்று வரிசையில் ஒரு பேச்சு. அதை நம்பிச் சொன்ன பதில். உள்ளே போனதும் கணவரை ஆளனுப்பிக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று அக்கா நினைத்திருக்கிறார். அவர் வந்து சேரப் பதினாலு மாதம் ஆனது.

ஆள் அடையாளம் தெரியாமலிருக்க, தையல் மெஷினைப் ‘பெட்டி’ என்று மாற்றச் சொல்லி மையத்தின் நெறிமுறைக் குழு எழுதியிருந்தது. மாற்றினால் அந்த வரி செத்துவிடும் என்று இரண்டு பக்கக் கடிதம் எழுதி வாதாடியவள் அவள்தான். வாழ்நாளில் அவள் ஜெயித்த ஒரே வாக்குவாதம். அந்த அடையாளத்தை உலகத்தில் ஒரே ஒருவரால்தான் கண்டுபிடிக்க முடியும், அவர் இந்த அரங்கத்துக்கு வரப்போவதில்லை என்று கணக்குப் போட்டிருந்தாள்.

அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஸ்லைடுகளை நகர்த்துவது அவள் வேலை. மடிக்கணினியின் முன் உட்கார்ந்து முதல் காரியமாக இருபத்தேழை அழித்தாள். பிறகுதான் உறைத்தது. உரையாற்றப்போகும் பேராசிரியருக்கு அந்த வரிகள் மனப்பாடம். ஸ்லைடு இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், இன்னும் நன்றாகச் சொல்வார்.

பேராசிரியர் ஏற்கெனவே மேடையில் இருந்தார். மையத்தின் தலைவர் வரவேற்புரையை முடிக்கும் தறுவாயில் இருந்தார்.

அவள் எழுந்தாள். மேலாளர் கையைக் குறுக்கே நீட்டினார். “எங்க கிளம்பிட்ட?”

“மேடைக்கு.”

“நீயா?” என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

நாலு படி. இருநூறு பேர். பேராசிரியரின் காதருகே குனிந்து, “சார், இருபத்தேழு வேண்டாம். அந்த அக்கா வந்திருக்காங்க, அவங்க வீட்டுக்காரரோட. அவருக்குத் தெரியாது” என்றாள்.

பேராசிரியர் சபையைப் பார்த்துச் சிரித்தபடியே உதட்டை அசைக்காமல் பேசினார். “மொத்த உரையும் அதை நோக்கித்தாம்மா போகுது. பெட்டின்னு மாத்திச் சொல்லிடறேன்.”

“பெட்டின்னு சொன்னாலும் தெரியும் சார். தோள்ல சுமந்தவரு அவரு.”

“அப்ப மூணு வருஷ வேலை?”

அவள் இறங்கவில்லை. தலைவர் பேச்சை முடித்துத் திரும்பிப் பார்த்தார். கைதட்டல் எழுந்தது. அவள் அங்கேயே நின்றாள்.

“சரி, போ” என்றார் பேராசிரியர்.

உரை நன்றாகத்தான் தொடங்கியது. அந்த இடம் வந்ததும் தண்ணீர் குடித்தார். கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். பிறகு ஒரு அட்டவணையை வாசித்தார்: இத்தனை குடும்பங்கள், இத்தனை நாட்கள் பிரிவு. பின்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள். கூரை போடாத வீடு போல உரை முடிந்தது.

கேள்வி நேரத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. அக்காவின் கணவர். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“இவளை அன்னிக்கே உள்ள விட்டாங்க. என்னைப் பதினாலு மாசம் அந்தப் பக்கம் போட்டுட்டாங்க. ஒரே குடும்பத்தை எதுக்குப் பிரிச்சாங்க? கேக்காத ஆபீஸ் இல்லை. நீங்க படிச்சவங்க, ஆராய்ச்சி பண்ணிருக்கீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே.”

பேராசிரியர் மேடையிலிருந்து அவளைப் பார்த்தார். “நேர்காணல் எடுத்தவங்க இங்க இருக்காங்க. அவங்க சொல்வாங்க.”

மைக் அவளிடம் வந்தது. அக்கா திரும்பவில்லை. அவருடைய பின்கழுத்து மட்டும் தெரிந்தது.

“எங்கிட்ட நாற்பத்திமூணு பேர் பேசினாங்க. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட சொல்ல மாட்டேன்னு எல்லாருக்கும் வாக்கு குடுத்திருக்கேன். அதனால தனியா யாரைப் பத்தியும் பேச முடியாது” என்றாள். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். “அந்த எல்லையில கூட யார் வந்திருக்காங்கன்னு ஒரு கேள்வி கேட்டாங்க. எந்தப் பதிலுக்கு என்ன நடக்கும்னு யாருக்கும் சொல்லலை. வரிசையில ஆளுக்கொரு வதந்தி. பயத்துல ஒவ்வொருத்தரும் ஒண்ணைச் சொன்னாங்க. குடும்பம் சேரணும்னு சொன்ன பதிலாலயே பிரிஞ்சவங்க நிறைய பேர்.”

அவர் உடனே உட்காரவில்லை.

“அப்ப அதிகாரிங்க மேல தப்பு இல்லைங்கறீங்களா?”

“இருக்குங்க. அப்படியொரு கேள்விக்கு முன்னாடி எல்லாரையும் இருட்டுல நிறுத்தினது அவங்கதான்.”

அவர் மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். உட்கார்ந்தார். மனைவியைப் பார்க்கவில்லை. வெகுநேரம் தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்தபின் அக்கா தனியாக வந்தார். கணவர் வாசலில் முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

“நான் சொன்னதைப் படத்துல போட்டிருந்தீங்களா?”

பொய் சொல்ல ஒரு கணம் போதும். “போட்டிருந்தேன்க்கா. நீங்க வந்ததும்தான் எடுத்தேன். தப்பு என்னுது.”

அக்கா அவளை நேராகப் பார்த்தார். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“நான் சொன்னா அந்தப் பதிவை அழிச்சிடுவீங்களா?”

“இப்பவே அழிச்சிடறேன். உங்க உரிமை அது.”

அக்கா வாசல் பக்கம் பார்த்தார். “வேண்டாம். அவர்கிட்ட சொல்லும்போது பயந்து ஏதாவது பூசி மெழுகிடுவேன். ஒரு தடவைதான் உள்ளபடி சொல்லியிருக்கேன். அது இருக்கட்டும். வேற யாரும் கேக்கக் கூடாது.”

“கேக்க மாட்டாங்க.”

அக்கா போனார். வாசலில் கணவர் கதவைப் பிடித்துக்கொண்டார், அக்கா முதலில் வெளியே போனார்.

பேராசிரியர் காலி அரங்கத்தின் முதல் வரிசையில் தன் தாள்களோடு உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் அச்சுக்குப் போக வேண்டிய கட்டுரை.

“அந்த வரியை எத்தனை நாளைக்குத் தொடக் கூடாதாம்?”

“அவங்களே வந்து சொல்ற வரைக்கும் சார்.”

“வராமலே போனா?”

“தொடவே கூடாது.”

பேராசிரியர் பேனாவைத் திறந்து, அந்தப் பத்தியை ஒருமுறை முழுக்கப் படித்தார். பிறகு குறுக்கே கோடிட்டு அடித்தார். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அந்த வரி இல்லாமல் கட்டுரை எப்படி நிற்கும் என்று முதல் பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.