பச்சை மூடி போட்ட சொட்டு மருந்து

சுங்கத்துறையில் இருந்த காலம் முழுக்க அவருக்கு மோப்பக்காரர் என்றுதான் பெயர். விமான நிலையத்தில் பயணிகள் தள்ளிக்கொண்டு வரும் பெட்டிகளை அவர் பார்க்கவே மாட்டார். ஆட்களின் முகத்தைத்தான் பார்ப்பார். யாராவது கேட்காமலே "இதுல வெறும் துணிதான் சார்" என்று சொன்னால் போதும், அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லிவிடுவார். கேட்பதற்கு முன்பே விளக்கம் சொல்கிறவன் எதையோ ஒளிக்கிறான் என்பது அவர் கண்ட அனுபவம். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அந்தப் புத்தி மட்டும் ஓய்வு பெறவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வழக்கத்துக்கு மாறாக வணக்கம் சொன்னால்கூட, இந்த ஆளுக்கு நம்மிடம் என்ன ஆக வேண்டியிருக்கிறது என்று அரை நாள் யோசிப்பார்.

மனைவி காலமான பிறகு மகனோடும் மருமகளோடும் இருந்தார். மகன் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மேலாளர். மருமகள் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். வீட்டில் அவருக்கென்று இருந்தது ஒரு பழைய நீலநிற கார். காலையில் அதைத் துடைப்பார், மத்தியானத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு கிளம்புவார். பழைய சகாக்களோடு சீட்டாட, நூலகத்துக்குப் போக, ஒன்றுமில்லாவிட்டால் ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்ப. அந்தச் சாவி சட்டைப்பையில் இருக்கும்வரை தான் யார் தயவிலும் இல்லை என்று அவருக்கு ஒரு நிம்மதி.

படிக்கிற கண்ணாடியை மாற்றப் போன இடத்தில்தான் விஷயம் தொடங்கியது. கண்ணாடிக் கடையில் இருந்தவர், எதற்கும் ஒரு டாக்டரைப் பாருங்கள் என்றார். தனக்குத் தெரிந்த டாக்டர் என்று மருமகள் ஒருவரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் என்னென்னவோ கருவிகளில் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, கிளாக்கோமா, தினமும் சொட்டு மருந்து விட வேண்டும் என்றார். மோப்பக்காரருக்கு வலி இல்லை, எரிச்சல் இல்லை, எழுத்து எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அறிகுறியே இல்லாத வியாதி என்பதே அவருக்கு உறுத்தியது. டாக்டர் நடுவில் மருமகளிடம் அவள் அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்ததையும் அவர் கவனித்துக்கொண்டார். அதைக் கவனித்ததில், மருந்தைப் பற்றி டாக்டர் சொன்னது காதில் விழவில்லை.

அன்று சாயங்காலம் மருமகள் தன் கடையிலிருந்தே மருந்தை வாங்கி வந்தாள். பச்சை மூடி போட்ட சின்ன பாட்டில். அவருக்குக் கை லேசாக நடுங்கும் என்பதால் அவளே விடுவதாக ஏற்பாடு. அவரை நாற்காலியில் அண்ணாந்து உட்காரச் சொல்லி, கீழ் இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்.

"மாமா, இதை விட்டா வெளிச்சம் கம்மியாத் தெரியும். புருவத்துக்கு மேல கொஞ்சம் வலிக்கலாம். பயந்துடாதீங்க."

அவர் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. அவளாகவே சொன்னாள். அண்ணாந்திருந்த மோப்பக்காரருக்குள் பழைய அதிகாரி எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

அவள் சொன்னபடியே ஆயிற்று. யாரோ வீட்டு பல்புகளையெல்லாம் கழற்றிவிட்டு மட்டமான பல்புகளை மாட்டிவிட்டதுபோல் இருந்தது. சன்னலோரம் பேப்பர் படிக்க முடிந்தது, சோபாவில் உட்கார்ந்தால் முடியவில்லை. மாடிப்படியில் ஒவ்வொரு படியையும் காலால் தடவி இறங்கினார். பொழுது சாய்வதற்கு முன்பே அவருக்கு இருட்டிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் கண்ணின் கருப்புப் பாப்பா ஊசி குத்திய அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. நன்றாக இருந்த கண்ணில் மருந்து விட்டதும் பார்வை மங்குகிறது என்றால் அதற்குப் பெயர் வைத்தியமா என்று தனக்குள் கேட்டுக்கொண்டார்.

காரணமும் சீக்கிரமே கிடைத்தது. ஒரு காலை குளியலறையிலிருந்து வரும்போது சமையலறையில் மகனும் மருமகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா கார் ஓட்டுவதை நிறுத்தினால் தேவலை என்று மகன் சொல்ல, மருமகள், "நாம சொன்னா கேக்க மாட்டார். அவரா விடணும்" என்றாள்.

அவரா விடணும். அந்த ஒரு வார்த்தையை அவர் நாள் முழுக்க மென்றுகொண்டிருந்தார். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்தைக் குறைத்தால் கிழவனே சாவியைக் கொடுத்துவிடுவான். கெட்டிக்காரத்தனமான திட்டம்தான் என்று ஒரு பக்கம் மெச்சவும் செய்தார்.

ஆனாலும் ஆதாரம் இல்லாமல் யாரையும் பிடிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு மருந்துக்கடைக்குப் போய் அதே மருந்தில் இன்னொரு பாட்டில் வாங்கினார். மருமகள் கைபடாத பாட்டில். அதைத் தானே தட்டுத்தடுமாறி விட்டுப் பார்த்தார். அதே மங்கல். வேறு யாராக இருந்தாலும் சந்தேகம் அங்கேயே தீர்ந்திருக்கும். இவரோ, அப்படியானால் மருந்தை எழுதிக்கொடுத்த டாக்டரும் கூட்டு என்று முடிவு கட்டினார். அம்மாவின் முழங்காலை விசாரிக்கிற அளவுக்குப் பழக்கம் இருக்கிறதே.

அடுத்த நாள் சாப்பாட்டு மேசையில், கை நடுக்கம் இப்போது தேவலை, இனிமேல் மருந்தைத் தானே விட்டுக்கொள்வதாக அறிவித்தார். மருமகள் அவரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, சரி மாமா என்று பாட்டிலைக் கொடுத்தாள். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதும்கூட அவருக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, சொட்டு மருந்தை வாஷ்பேசினில் விட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

சில நாட்களில் உலகம் திரும்பி வந்தது. எதிர்வீட்டு வேலியில் உட்கார்ந்த குருவியின் மூக்குகூடத் தெரிந்தது. வாய்க்குள் ஒரு பாட்டை முணுமுணுத்தபடி காரைத் துடைத்தார். சந்தேகம் உறுதியாகிவிட்டது. கையும் களவுமாகப் பிடிக்க நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபரிசோதனைக்கு டாக்டர் வரச் சொல்லியிருந்த தேதி வந்தது. தலைவலி என்று தட்டிக்கழித்தார். இப்படியே மாதங்கள் போயின.

ஒரு நாள் மத்தியானம் கடை வளாகம் ஒன்றின் கீழ்த்தளத்தில் நிறுத்தியிருந்த காரை எடுத்தார். விளக்குகள் பளீரென்று எரிந்துகொண்டிருந்தன. அவருக்கு எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. வழிகாட்டும் அம்புக்குறிகள், எதிரே போன பெண்மணியின் பையில் இருந்த எழுத்து, எல்லாம். மெதுவாக இடதுபக்கம் திருப்பினார். இரும்பு நசுங்கும் சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தால், காரின் இடது முன்பக்கம் ஒரு தூணில் அப்பிக்கொண்டிருந்தது. ஆள் உயரத்துக்கு மஞ்சள் வண்ணம் அடித்த தூண். காவலாளி ஓடி வந்து, தூண் தெரியலையா சார் என்று கேட்டான்.

தெரியவில்லை என்பதுதான் உண்மை. மங்கலாகத் தெரிந்தது என்றில்லை, இருட்டாக இருந்தது என்றும் இல்லை. அந்த இடத்தில் தூணே இல்லாமல் இருந்தது. காரில் திரும்ப ஏறி உட்கார்ந்து அதே இடத்தைப் பார்த்தார். நேராகப் பார்த்தால் தூண் இருந்தது. முகத்தைக் கொஞ்சம் திருப்பியதும் காணாமல் போயிற்று. தூண் இருந்த இடத்தில் சுவர் மட்டும், எந்தக் குறையும் இல்லாமல், நீண்டு கிடந்தது. அது தூணாக இல்லாமல் ஒரு குழந்தையாக இருந்திருந்தால் என்ற எண்ணம் வந்ததும் சாவியைத் திருப்ப அவரால் முடியவில்லை. மருமகளுக்கு போன் செய்தார்.

அவள் ஆட்டோ பிடித்து வந்தாள். நசுங்கியதைப் பார்த்தாள், அவருக்கு அடி ஏதும் உண்டா என்று பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் காரை ஓட்டிக்கொண்டு நேராக டாக்டரிடம் போனாள்.

டாக்டர் டார்ச் அடித்து அவர் கண்ணைப் பார்த்தார். கருவியில் உட்கார வைத்து அழுத்தம் பார்த்தார். பக்கவாட்டுப் பார்வையைச் சோதிக்கும் பெட்டிக்குள் தலையை விட்டு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். வெகுநேரம் புள்ளியே வராமல் அவர் காத்திருந்த சமயங்கள் உண்டு. புள்ளிகள் வந்துகொண்டுதான் இருந்தன என்று பிறகு தெரிந்தது.

"மருந்து எப்போலேர்ந்து விடலை?" என்று டாக்டர் கேட்டார்.

தினமும் விடுவதாக அவர் சொன்னார்.

"அந்தச் சொட்டு விட்டா கண் பாப்பா சுருங்கும். உங்களுக்கு நல்லா விரிஞ்சிருக்கு."

மோப்பக்காரர் வாழ்நாளில் எத்தனையோ பேரை இந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார். தான் நின்றது இதுதான் முதல் தடவை. சொட்டு விட்டால் பார்வை மங்குகிறது, விடாவிட்டால் தெளிகிறது, பிறகு எப்படி விடுவது என்று கேட்டார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அந்த மருந்து பாப்பாவைச் சுருக்குவதால் கண்ணுக்குள் போகிற வெளிச்சம் குறையும்; அதனால்தான் மங்கல். ஆனால் உள்ளே அழுத்தத்தைக் குறைத்து நரம்பைக் காப்பாற்றுவதும் அதுதான். மருந்தை நிறுத்தினால் வெளிச்சம் திரும்பும், நரம்பு சத்தமில்லாமல் செத்துக்கொண்டிருக்கும். ஓரத்திலிருந்து போவதால் ஆளுக்குத் தெரியாது. இல்லாத இடத்தை மூளையே எதையாவது போட்டு நிரப்பிவிடும்.

"ரெண்டு கண்ணுலயும் ஓரம் போயிருக்கு. இடது பக்கம் அதிகம். போனது திரும்பாது. இதுல எவ்வளவு முன்னாடியே போச்சு, எவ்வளவு இந்த மாசங்கள்ல போச்சுன்னு என்னால சொல்ல முடியாது. மங்கலா இருக்குன்னு அப்பவே வந்து சொல்லியிருந்தா வேற மருந்து மாத்தியிருப்பேன்."

வேறு மருந்து எழுதிக்கொடுத்தார். இப்போதைக்குக் கார் ஓட்டக் கூடாது என்றார்.

திரும்பும்போது மருமகள்தான் ஓட்டினாள். சிவப்பு விளக்கில் வண்டி நின்றது.

"நீ என் கண்ணைக் கெடுக்கிறேன்னு நெனச்சேம்மா" என்றார் அவர்.

"தெரியும் மாமா." அவள் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "நீங்க மருந்து வாங்கினீங்களே, அந்தக் கடை எங்க முதலாளியோட தம்பி கடை. அவருக்கு உங்களைத் தெரியும், அன்னைக்கே எனக்கு போன் வந்துடுச்சு. அப்புறம் உங்க கண்ணைப் பார்த்தாலும் தெரிஞ்சுது, நீங்க மருந்து விடலைன்னு."

"அப்போ ஏன் கேக்கலை?"

"கேட்டா, இவ ஏன் இதுல இவ்வளவு அக்கறையா இருக்கான்னு அதையும் சந்தேகப்படுவீங்க. நாளைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம்னு தள்ளிப்போட்டேன். தப்புதான். ஆனா மாமா, என்னைப் போய் அப்படி நெனச்சுட்டீங்களே."

பச்சை விளக்கு விழுந்தது, பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான், அவள் வண்டியை எடுத்தாள்.

அதன்பிறகு கொஞ்ச காலம் அவள் மருந்து பாட்டிலைத் தொடவில்லை. மகன்தான் விட்டான், பாதி கண்ணிலும் பாதி மூக்கிலும் விழும். புதிய மருந்தில் வெளிச்சம் குறையவில்லை, ஆனால் கண் சிவந்தது, விட்டதும் கொஞ்ச நேரம் எல்லாம் கலங்கித் தெரிந்தது. இது எதனால் என்று மருமகளிடம் கேட்டார். டாக்டரையே கேளுங்கள் மாமா, நான் சொல்ல மாட்டேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. டாக்டருக்கே போன் செய்து கேட்டார். கலங்கல் சிறிது நேரத்தில் சரியாகிவிடும், சிவப்பு நீடித்தால் வந்து காட்டுங்கள் என்று பதில் வந்தது. அதை அப்படியே அவளிடம் போய்ச் சொன்னார். அவள் "சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் துணி மடித்தாள். மறுநாள் மகன் மூக்கில் விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சகிக்காமல் பாட்டிலைப் பிடுங்கித் தானே விட்டாள்.

காரை மகன் எடுத்துக்கொண்டான். மோப்பக்காரர் சாயங்காலங்களில் நடக்கப் போனார். கடை சீக்கிரம் முடிகிற நாட்களில் மருமகளும் கூட வருவாள். அவள் எப்போதும் தன் இடதுபக்கமே நடக்கிறாள் என்பதை அவர் கவனித்தார். அவர் மாறி நடந்தாலும் அவள் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்துவிடுவாள். இரண்டு மூன்று நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தவர், ஒரு சாயங்காலம் நின்று கேட்டுவிட்டார்.

"ஏம்மா எப்பவும் இந்தப் பக்கமே வர்ற?"

"அந்தப் பக்கம் வண்டி வந்தா உங்களுக்குத் தெரியாது மாமா."

அவர் கழுத்தை முழுவதும் திருப்பிப் பார்த்தார். சைக்கிள் ஒன்று அவளை உரசாத குறையாகக் கடந்து போனது.