கோணல் வகிடு

பொடுசு மாடியிலிருந்து இறங்கி வந்தபோது ஒரு சடை காதுக்கு மேலே நின்றது, மற்றது தோளில் சரிந்து இடுப்புவரை தொங்கியது. வகிடு எங்கேயோ புறப்பட்டு எங்கேயோ போய் முட்டியிருந்தது. சமையலறை வாசலில் நின்ற அம்மாக்காரிக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? ஊர்ப் பெண்களெல்லாம் காத்திருந்து தலையைக் கொடுத்துவிட்டுப் போகிற பார்லர்காரி அவள். அவள் பெற்ற மகளோ, பின்னலுக்கு மூன்று கால் வேண்டும் என்பதே போன மாதம்வரை தெரியாத ஒருத்தியிடம் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருகிறாள்!

"இதென்ன, கண்ணை மூடிக்கிட்டுப் பின்னினாங்களா உன் மாடி ஆன்ட்டி?"

"நல்லாத்தாம்மா இருக்கு."

நல்லாத்தான் இருக்காம். அவள் மகளை இழுத்து முன்னால் உட்காரவைத்து, இரண்டு சடையையும் அவிழ்த்து, ரூல் போட்ட மாதிரி வகிடெடுத்து, கண்ணிமைக்கிற நேரத்தில் பின்னி முடித்தாள். பொடுசு கண்ணாடியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பையை மாட்டிக்கொண்டு போனது.

கணவனுக்கு வேலை மாற்றலாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் பொடுசு வாயே திறக்கவில்லை. பள்ளிவிட்டு வந்து, பிரிக்காத அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, "நம்ம வீட்டுக்கு எப்பம்மா போவோம்?" என்று கேட்கும். அம்மாக்காரி என்னதான் செய்யவில்லை? பழசு எதுவும் கண்ணில் படக் கூடாது என்று புதுத் திரைச்சீலை, புது மெத்தை விரிப்பு, சுவருக்குப் புது வர்ணம் என்று எல்லாவற்றையும் மாற்றினாள். பேசப் பேசத்தான் ஏக்கம் கூடும் என்று கணவனின் வாய்க்கும் பூட்டுப் போட்டாள். "அங்க நாம..." என்று பொடுசு ஆரம்பித்தாலே, "அந்த வீட்டுக் கதை இனி வேணாம். இங்க பாரு, எவ்வளவு அழகா இருக்கு" என்பாள். பொடுசும் நாளடைவில் ஆரம்பிப்பதையே நிறுத்திவிட்டது. பிள்ளை தேறிவிட்டாள் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

மாடி வீட்டுக்காரியைத் தேடிப் போனதும் இவள்தான். பழைய ஊரில் வீட்டு முன்னறையிலேயே சொந்தப் பார்லர் வைத்திருந்தவள், இங்கே இன்னொருத்தியின் கடையில் சம்பளத்துக்கு நின்றாள். காலையில் முதல் ஆளாகக் கடை திறக்க வேண்டும். "பிள்ளையைக் கொஞ்சம் கிளப்பி வேன்ல ஏத்தி விட்டுடுங்கக்கா" என்று கெஞ்சியதற்கு, மாடிக்காரி பெருந்தன்மையாகத் தலையாட்டினாள். மருந்துக்கடையில் மதியத்துக்கு மேல்தான் அவளுக்கு வேலை. பெற்றது இரண்டும் பையன்கள், இரண்டும் வேலைக்குப் போய்விட்டன. சடை என்றால் என்னவென்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாமலேயே பின்னினாள். பின்னிய நாளிலிருந்து பொடுசு சிரித்துக்கொண்டே இறங்கி வர ஆரம்பித்தது. இவள் கடைக்கு லேட்டாகப் போகிற நாளிலும், சீப்பையும் ரிப்பனையும் எடுத்துக்கொண்டு மாடிக்குத்தான் ஓடியது.

"பொண்ணு சிரிக்குதுல்ல, அது போதாதா உனக்கு?" என்றான் கணவன்.

"எனக்கென்ன? ரொம்பப் போதும்" என்று பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். போதவில்லை. அந்தச் சிரிப்பு தன்னிடம் வரவேண்டிய சிரிப்பு, எவளோ வழியில் மறித்துப் பிடுங்கிக்கொண்டாள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

விடுமுறை நாள் வந்தது. தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, மகளை நடுவில் உட்காரவைத்து, கடைக் கத்தரியை எடுத்தாள்.

"புது ஊருக்குப் புது ஸ்டைல். கழுத்தோட நிறுத்திடலாமா?"

"அப்புறம் பின்ன முடியாதாம்மா?"

"பின்னவே வேணாம். எவ்வளவு நிம்மதி!"

முடியை நனைக்காமல் கத்தரி வைக்காதே என்று தொழில் படிக்க வருகிறவர்களைத் திட்டித் தீர்ப்பவள், அன்றைக்கு நனைக்க மறந்தாள். காய்ந்த முடி மளுக் மளுக்கென்று விழுந்தது. ஒருபக்கம் தூக்கலாகப் போய்விட்டதும் கண்ணில் படவில்லை. 'இனி அந்த மாடிக்காரி எதைப் பின்னுவான்னு பார்ப்போம்' என்று மட்டும் மனசு கூத்தாடிக்கொண்டிருந்தது.

பொடுசு எழுந்தது. கழுத்தின் பின்பக்கம் தடவிப் பார்த்தது. கீழே கிடந்த இரண்டு ரிப்பன்களையும் சீப்பையும் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டது.

அழுதிருந்தாலும் சமாளித்திருப்பாள். செய்தித்தாளைச் சுருட்டினாள், கத்தரியைத் துடைத்தாள், பொறுக்க முடியாமல் அவளும் படியேறினாள். மேலே கதவு பாதி திறந்திருந்தது. மாடிக்காரி முக்காலியில் உட்கார்ந்திருக்க, பொடுசு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தது.

"அடிப் பாவி, யாருடி உன்னை இப்படிக் கொத்தி வச்சது? சரி விடு, எங்க நிறுத்துனோம்?"

"பின்வாசல் படியில."

"ஆங், பின்வாசல் படி. சொல்லு."

"அங்க உக்காந்துதான் அம்மா எனக்குப் பின்னுவாங்க. பின்னி முடிச்சுட்டு, மறுபடியும் அவிழ்த்துப் பின்னுவாங்க. கதை முடியணும்ல, அதுக்காக. சீப்பைத் தொலைச்ச ராணி கதை. ராணி கிணத்துக்குள்ள எட்டிப் பாக்குறாளா..."

"பாத்தா?"

"தெரியாது. அதுக்குள்ள லாரி வந்துடுச்சு. நாங்க இங்க வந்துட்டோம்."

"அம்மாகிட்ட கேக்க வேண்டியதுதானே?"

"அந்த வீட்டுக் கதை இங்க பேசக் கூடாது ஆன்ட்டி."

ராணி கிணற்றுக்குள் என்ன பார்த்தாள் என்பது வெளியே நின்ற அம்மாக்காரிக்கே மறந்துபோயிருந்தது. பின்வாசல் படியில், நேரம் காலம் தெரியாமல், பின்னியதை அவிழ்த்து அவிழ்த்துப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பொம்பளை மேல் இப்போது அவளுக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. மாடிக்காரி மேல் வந்ததைவிட அதிகமாக வந்தது.

உள்ளே போகவும் இல்லை, இறங்கவும் இல்லை. விரலிடுக்கில் ஒட்டியிருந்த முடி குத்தியது. மாடிக்காரி உச்சியிலிருந்து சீப்பை இழுத்தாள். முடி கழுத்திலேயே முடிந்துபோயிற்று. பழக்கப்பட்ட கை அங்கே நிற்காமல், பொடுசின் முதுகோடு வெறும் சட்டைமேல் சீப்பை இடுப்புவரை மெதுவாக இறக்கியது.