நாலு கிலோ

குண்டூசி என்று பெயர் வைத்த நாளில் அந்த நாய்க்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது. ஒல்லி உடம்பு, பெரிய தலை. ஐந்து வருடம் கழித்து, கால்நடை மருத்துவமனையின் எடை மேடையில் ஏறி நின்றபோது எண் இருபத்தொன்பதைக் காட்டியது.

“ஊசி போயிடுச்சு, குண்டு மட்டும்தான் மிச்சம்,” என்றார் டாக்டரம்மா. சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை.

வலது பின்னங்கால் முட்டியில் ஜவ்வு அறுந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்தால் சரியாகிவிடும்.

“ஆனா இந்த எடையில மயக்க மருந்து கொடுக்க எனக்குத் தைரியம் இல்ல சார். நாலு கிலோ குறைச்சுக் கூட்டிட்டு வாங்க. மூணு மாசம் டைம். அதுக்குள்ள குறையலைன்னா, பாரம் தாங்கித் தாங்கி இன்னொரு காலும் போயிடும். அப்புறம் நான் செய்யறதுக்கு ஒண்ணும் இருக்காது.”

“ஓடவே விடக்கூடாதா டாக்டர்?”

“ஓட்டம் கூடாது. கயித்தைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா கொஞ்ச தூரம் நடக்கலாம். சாப்பாடு மட்டும் இந்தக் கப் அளவு. ஒரு பருக்கை கூடக்கூடாது.”

குண்டூசியின் சொந்தக்காரரைத் தெருவில் எல்லோரும் சாவிக்காரர் என்றுதான் சொல்வார்கள். வீட்டின் முன்னறையிலேயே கடை. மாற்றுச் சாவி வெட்டிக்கொடுப்பார், மக்கர் செய்யும் பூட்டைத் திறந்து கொடுப்பார். மனைவிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் மேற்பார்வை வேலை. மூன்றாவது ஆள் மனைவியின் அப்பா. காலையில் குளித்துச் சாமி கும்பிட்டுவிட்டு, நாயை நடக்கக் கூட்டிக்கொண்டு போவது அவர் பொறுப்பு.

அன்று முதல் கப் அளவு தவறாமல் நடந்தது. மூன்று வாரம் கழித்து மறுபடி எடை பார்த்தார்கள். இருபத்தொன்பது கிலோ அறுநூறு கிராம்.

“பட்டினி போட்டா ஏறுற உடம்பை இப்பத்தான் பாக்குறேன்,” என்றாள் மனைவி. “இந்த வீட்டுல யாரோ கொடுக்குறாங்க. நான் இல்ல. பகல் முழுக்க நான் வீட்டுலயே இல்ல.”

“நானும் இல்ல,” என்றார் சாவிக்காரர்.

மிச்சம் இருந்தது ஒரு ஆள். இருவரும் பெயரைச் சொல்லிக்கொள்ளவில்லை. மறுநாள் காலை சாவிக்காரர் கடையிலிருந்து ஒரு பித்தளைப் பூட்டை எடுத்துவந்து, பிஸ்கட் டப்பா இருந்த சமையலறை அலமாரியில் மாட்டினார். பூட்டுக்காரர் வீட்டில் பூட்டு மாட்டுவது சுலபம். மாட்டிய பிறகு வரும் மௌனத்தைத் திறப்பதற்குத்தான் சாவி கிடையாது.

மாமனார் டீ போட வந்தார். பூட்டைப் பார்த்தார். கையால் ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டு விட்டார்.

“எனக்காகவா மாப்பிள்ளை?”

“பொதுவாத்தான் மாமா,” என்றார் சாவிக்காரர், அவர் முகத்தைப் பார்க்காமல்.

“சரி. நாளையிலிருந்து நீங்களே அதைக் கூட்டிட்டுப் போங்க. எனக்கும் முழங்கால் வலி.”

அவருக்கு முழங்காலில் ஒரு வலியும் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

அப்படித்தான் சாவிக்காரர் முதல்முறையாகக் காலையில் குண்டூசியின் கயிற்றைப் பிடித்தார். கயிற்றைப் பிடித்தவர் அவர். வழி காட்டியது நாய். மூன்றாவது வீட்டுத் தையல்கடை வாசலில் அது தானாக உட்கார்ந்தது. நொண்டும் காலை ஒரு பக்கமாக நீட்டி, காதைத் தொங்கவிட்டு, ஜென்மத்தில் சாப்பாட்டையே பார்க்காதது மாதிரி ஒரு முகம் வைத்துக்கொண்டது. தையல்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, டிராயரிலிருந்து பன் ஒன்றைப் பிய்த்துப் போட்டார்.

“என்ன அண்ணே, வீட்டுல சரியாப் போடறதில்லையா? பாவம், ஏங்கிப்போய் வருது.”

அடுத்து ஜெராக்ஸ் கடை. அங்கே ஒரு பிஸ்கட். பள்ளிக்கூட வாட்ச்மேனிடம் அவித்த முட்டையின் பாதி. மருந்துக்கடைப் பெண், பால் பூத், சைக்கிள் கடை, மாடிப்படிக்குக் கீழே காய்கறி விற்கும் அம்மா. ஒவ்வொரு வாசலிலும் அதே உட்காருதல், அதே முகம். ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் கொடுப்பதாக நினைத்திருந்தார்.

சாவிக்காரருக்குக் கோபம் வந்தது. அன்று மாலை ஓர் அட்டையை வெட்டி, கொட்டை எழுத்தில் எழுதி, மறுநாள் நாயின் கழுத்தில் கட்டினார்: ‘எனக்கு உடம்பு சரியில்லை. எதுவும் தராதீர்கள்.’

தையல்காரர் நின்று நிதானமாகப் படித்தார். பிறகு பன்னைப் பிய்த்தார்.

“படிக்கலையா?” என்றார் சாவிக்காரர்.

“படிச்சேன் அண்ணே. உடம்பு சரியில்லைன்னு போட்டிருக்கு. மனசு கேக்கல. அதான் சின்னதா ஒண்ணு.”

அட்டை எதிர்வேலை செய்தது. பால் பூத்தில் வழக்கத்தைவிட ஒரு பிஸ்கட் கூட விழுந்தது.

தெருக்கோடியில் ஒரு ஜன்னல். முந்தின நாள் அங்கே போவதற்குள் சாவிக்காரர் கயிற்றை இழுத்துத் திரும்பிவிட்டார். இன்று நாய் விடவில்லை. கம்பிக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் ஓய்வுபெற்ற சர்வேயர் உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்து ஒரு வருடம். வலது கை மடியில் முஷ்டியாக மூடிக் கிடந்தது. அதற்குள் ஒரு ரஸ்க் துண்டு இருப்பது தெரிந்தது.

அவர் அட்டையைப் படித்தார். உதடு மெல்ல அசைந்தது. நாய் கம்பிக்கு அருகே மூக்கை வைத்துக் காத்திருந்தது. அவர் கையை நீட்டவில்லை. முஷ்டி இறுக, ரஸ்க் தூளாகி மடியில் உதிர்ந்தது.

“படிச்சேன்,” என்றார், குழறிய குரலில். “கொடுக்கல.”

தெருவிலேயே அட்டைக்குக் கட்டுப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

உள்ளேயிருந்து அவர் மகள் வந்தாள். அப்பாவின் மடியைத் துடைத்துவிட்டு, சாவிக்காரரோடு வாசலுக்கு வந்து தாழ்ந்த குரலில் பேசினாள்.

“அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. விரலை விரிக்கச் சொல்லித் தினம் ஒருத்தர் வந்து பயிற்சி கொடுத்தார். அப்பா முகத்தைத் திருப்பிக்குவார். இதுக்குக் கொடுக்கணும்னா மட்டும் கை தானா திறக்கும். பத்து நிமிஷம் ஆகும், ஆனா திறக்கும். உங்க மாமனாரும் பொறுமையா நின்னுக்கிட்டிருப்பார். அவர் சொல்லலையா?”

“சொல்லல.”

வீட்டுக்குப் போனதும் சாவிக்காரர் முதலில் அலமாரிப் பூட்டைக் கழற்றினார். மாமனார் நாற்காலியில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு படிக்காமல் இருந்தார்.

“சொல்லியிருக்கலாமே மாமா.”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

“அந்தப் பக்கமே போகாதீங்கன்னு சொல்லியிருப்பேன்.”

“அதான்.”

“அதுக்காக நம்ம நாயோட கால் போறதைப் பாத்துக்கிட்டு இருக்கறதா?”

“ஆளுக்கு ஒரு துண்டுதானேன்னு நினைச்சேன் மாப்பிள்ளை. அப்புறம் எடை ஏறுதுன்னு தெரிஞ்சப்ப, ரெண்டுல எதை விடறதுன்னு சாமிகிட்டக் கேட்டுக்கிட்டிருந்தேன். பதில் வர்றதுக்குள்ள நீங்க பூட்டோட வந்துட்டீங்க.”

சாவிக்காரர் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அந்த வீட்டில் அதிகம் இல்லை. “தப்புதான் மாமா,” என்றார்.

“சரி, டீ போடறேன். உங்களுக்கும் வேணுமா?”

வேலை முடிந்து வந்த மனைவி எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டாள். அப்பாவின் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

“கொடுக்காதீங்கன்னு சொன்னா யாரு கேக்கப்போறா? கொடுக்கட்டும். இதோட கப்பிலிருந்தே எடுத்து ஆளுக்குக் கொஞ்சம் முன்கூட்டியே கொடுத்துடுங்க. கை அவங்களுது, சாப்பாடு நம்மளுது. காலையில வீட்டுல கிண்ணம் வைக்க வேண்டாம்.”

காலையில் கிண்ணம் வைப்பது அவள்தான். வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் அந்த ஐந்து நிமிடத்தை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அதை விடுவதாக அவளே சொன்னதை மற்ற இருவரும் கவனித்தார்கள்.

பூட்டு வரும் சின்ன அட்டைப்பெட்டிகள் கடையில் நிறையக் கிடந்தன. தெருவுக்கு எட்டுப் பெட்டி. ஒவ்வொன்றிலும் எண்ணி இருபது நாய்த்தீனி உருண்டை. மாமனார் முந்தின நாள் மாலையே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். காலையில் கயிறும் மறுபடி அவர் கைக்கே வந்தது.

முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் வருத்தம். “மாத்திரை கொடுக்கற மாதிரி இருக்கு,” என்றார் தையல்காரர். குண்டூசிக்கு அதைவிட வருத்தம். உருண்டையை மோந்து பார்த்துவிட்டு, டிராயரையே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் பசி ஜெயித்தது. சர்வேயர் ஜன்னலில் மட்டும் ஆரம்பத்திலிருந்தே தகராறு இல்லை. ரஸ்க் ஒன்றாக இருந்த இடத்தில் இப்போது இருபது உருண்டை. ஒவ்வொன்றையும் அவர் பெட்டியிலிருந்து எடுத்து, கம்பிக்கு வெளியே நீட்டி, விரலை விரிக்க வேண்டும். பாதி கீழே விழும். விழுந்ததை நாய் பொறுக்கிக்கொள்ளும். மாமனார் வீடு திரும்ப முக்கால் மணி நேரம் கூடுதலாக ஆயிற்று.

எடை இறங்கியது. இருபத்தெட்டு. இருபத்தேழு. இருபத்தாறில் வந்து நின்றது. இரண்டு வாரம் அசையவில்லை. டாக்டரம்மா கொடுத்த நாளுக்கு இன்னும் மூன்று வாரம்தான்.

“தெருவுல யாரும் ஏமாத்தல,” என்றார் மாமனார். “நான் பக்கத்துலயே நிக்கிறேன்.”

விடுமுறை நாளில் கடையில் உட்கார்ந்திருந்த மனைவிதான் பார்த்தாள். பத்து மணி டீயோடு சாவிக்காரர் ரொட்டி சாப்பிட்டார். ஓரத்தைப் பிய்த்தார். கை தானாக, குண்டூசி படுத்திருந்த மேஜைக்குக் கீழே போயிற்று. கண் சாவி வெட்டும் இயந்திரத்தில் இருந்தது.

“என்னங்க அது?”

“எது?”

“கீழ போச்சே, அது.”

சாவிக்காரர் தன் கையையே பார்த்தார். ஐந்து வருடமாக அந்தக் கை அதைச் செய்துகொண்டிருந்தது. “ஓரம்தான். ஓரத்தை நான் சாப்பிடறதில்ல,” என்றார் மெதுவாக.

“அலமாரிக்குப் பூட்டு போட்டீங்களே,” என்றாள் மனைவி. “இதுக்கு எங்க போடறது?”

உள்ளே மாமனார் இருமுவது கேட்டது. சிரிப்பை அடக்கிய இருமல். ஊரெல்லாம் தேடிய குற்றவாளி தன் மணிக்கட்டிலேயே இருப்பதைக் கண்டுகொள்வது நம்மில் யாருக்கும் நேரக்கூடியதுதான். கண்டபின் ஒப்புக்கொள்கிறவனைக் கடவுள் கைவிடுவதில்லை. மறுநாளிலிருந்து அவர் டீயை எழுந்து நின்று, வாசலில் போய்க் குடித்தார்.

குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்பு எடை இருபத்தைந்து கிலோ நூறு கிராம். “நூறு கிராமை மன்னிச்சுடறேன்,” என்றார் டாக்டரம்மா. “நாளன்னைக்குக் காலையில வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க. வாயில எதுவும் படக்கூடாது. பட்டுச்சுன்னா மயக்கத்துல மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்.”

அன்று காலை, வண்டி வருவதற்கு முன் கொஞ்சம் நடத்திக்கொண்டு வரவேண்டியிருந்தது. சாவிக்காரரும் மாமனாரும் சேர்ந்தே போனார்கள். பெட்டிகள் இல்லை. குண்டூசி ஒவ்வொரு வாசலிலும் பாடம் தப்பாமல் உட்கார்ந்தது. தையல்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு துணியை மடித்தார். ஜெராக்ஸ் கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பால் பூத்தில் ஆளே தென்படவில்லை. கவுண்டருக்குக் கீழே செருப்பு மட்டும் தெரிந்தது. கொடுக்கத் தெரிந்த தெரு அது. கொடுக்காமல் இருக்கவும் அன்று கற்றுக்கொண்டது.

சர்வேயர் ஒளியவில்லை. கம்பிக்கு வெளியே கையை நீட்டி, விரலை விரித்து, உள்ளங்கை காலியாக இருப்பதை நாய்க்குக் காட்டினார். கடைசி இரண்டு விரல் முழுதாக நிமிரவில்லை. குண்டூசி மோந்து பார்த்தது, நக்கியது, எழுந்து நடந்தது.

மருத்துவமனையில் இரண்டரை மணி நேரம். மாமனார் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். சாவிக்காரர் சுவரில் இருந்த படங்களை நாலு முறை பார்த்தார். மனைவி வேலையிலிருந்து இரண்டு தடவை போன் செய்தாள்.

டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

“நல்லா முடிஞ்சுது. மூச்சு சீரா இருக்கு. இனிமேதான் உங்க வேலை. ஆறு வாரத்துக்குத் தெருவுக்கு விடக்கூடாது. எடையும் ஏறக்கூடாது.”

மாமனார் எழுந்து நின்று கை கூப்பினார். டாக்டரம்மாவுக்கா, மேலே இருப்பவருக்கா என்று தெரியவில்லை. பிறகு மருமகனைப் பார்த்தார்.

சாவிக்காரருக்குப் புரிந்தது. “டாக்டர்,” என்றார், “மத்தவங்க எங்க கடைக்கு வந்து கொடுத்துடுவாங்க. ஒருத்தரால மட்டும் வர முடியாது. தள்ளுவண்டியில படுக்க வச்சு, தெருக்கோடி ஜன்னல் வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போகலாமா?”

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார்.

“தையல் பிரிச்ச பிறகு. கால் தரையில படாம.”

“எத்தனை நாள்?”

“பன்னெண்டு.”

மாமனார் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் தேதியைக் குறித்துக்கொண்டார்.