மர்லின் வீட்டில் தமிழ் இல்லை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறந்ததல்ல. எபிரேய மொழி மறுபடியும் பேச்சுமொழியானது பற்றி ஒரு சிற்றிதழ் என்னிடம் கட்டுரை கேட்டது. நானும் எழுதினேன். பல நூற்றாண்டுகள் வழிபாட்டிலும் ஏட்டிலும் இருந்த மொழி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வீட்டுக்குள் நுழைந்தது. எருசலேமில் ஒரு தகப்பன், தன் மகனின் காதில் வேறு மொழி விழக்கூடாது என்று சட்டம் போட்டார். கடவுளைப் புகழ எத்தனையோ சொற்கள் இருந்த மொழியில் பொம்மைக்குச் சொல் இல்லை, உட்கார்ந்து உண்டாக்கினார்கள். அந்தப் பிள்ளை நெடுநாள் வாய் திறக்கவில்லை.

இந்த இடத்தில் தலையை நிமிர்த்தி அடுத்த வீட்டைப் பார்த்தேன். கட்டுரை அதோடு நின்றது.

(அடுத்த வீடு, திருகோணமலைப் பாலையூற்றில் மர்லின் ரொசைரோவின் வீடு. பறங்கியர். போர்த்துக்கீசர் வந்த காலத்தில் போர்த்துக்கீசத்திலிருந்து இந்தக் கரையில் விளைந்து, அவர்கள் கப்பலேறிய பிறகும் இங்கேயே இருந்துவிட்ட மொழி அவர்களுடையது.)

2

முதல் தொடக்கம்:

"துறைமுகத்தின் மேல் மாலை இறங்கிக்கொண்டிருந்தது. அழிந்துகொண்டிருக்கும் ஒரு மொழியின் கடைசி—"

தைத்த சட்டையைக் கொடுக்க வந்த மர்லின் இதை வாசித்துவிட்டாள்.

"ஆரக்கா கடைசி?"

"சும்மா ஒரு பேச்சுக்கு எழுதினது."

"உங்கட பேச்சுக்கு எங்கட பாசைக்குச் செத்தவீடு செய்யாதீங்கோ. நீங்கள் இருந்து எழுதிற கதிரை எங்கட சொல். மேசை எங்கட சொல். யன்னல், அலுமாரி, குசினி... எல்லாத்தையும் திருப்பித் தந்திட்டு எழுதுங்கோ பாப்பம்!"

நிலத்தில் இருந்து எழுத என் முதுகு விடாது. வரியை அடித்துவிட்டேன்.

3

எபிரேயக் கதையை எனக்கு முதலில் சொன்னவளே மர்லின்தான். வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது கைத்தொலைபேசியில் பார்த்திருக்கிறாள். "அவையளுக்கு ஏலுமெண்டா எங்களுக்கு ஏலாதோ அக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த மிடுக்கை எந்தத் தொடக்கத்திலும் என்னால் கொண்டுவர முடியவில்லை.

நெரிசா பிறந்தாள். பிள்ளைக்கு முன்னால் தமிழ் கூடாது என்று சட்டம் வந்தது. அப்போதுதான் மர்லினுக்குச் சிக்கல் தெரிந்தது. அவளுடைய வீட்டுப் பெரியவர்கள் அந்த மொழியை மூன்று வேலைக்குத்தான் வைத்திருந்தார்கள்: சண்டை பிடிக்க, பிள்ளைகளுக்கு விளங்காமல் இரகசியம் கதைக்க, கலியாண வீட்டில் மாப்பிள்ளை பகுதியைக் கேலி செய்து பாட. தாலாட்டு எதுவும் அவளுக்குத் தெரியாது. ஆகவே கலியாணக் கேலிப்பாட்டை மெதுவாக இழுத்துப் பாடித் தூங்க வைத்தாள். பிள்ளையும் தூங்கியது!

கணவன் சிவரூபன் தமிழன்; துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துக் கட்டும் படகில் வேலை. மனைவியின் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் சட்டத்தை மதித்தான். படகில் இயந்திரச் சத்தத்துக்கு மேலால் கத்துகிறவன், வீட்டுப் படலையைத் திறந்ததும் வாயை மூடிவிடுவான். கயிற்றை இழு, விடு என்று காட்டுகிற கையாலேயே சோறு, தண்ணீர் எல்லாம் கேட்பான்.

4

நெரிசாவுக்கு மூன்று வயது கடந்தும் ஒரு சொல் வரவில்லை.

முன்பள்ளி ஆசிரியை தயாளினி அன்பாகத்தான் சொன்னார்: "பிள்ளைக்குக் காது நல்லாக் கேக்குது. சொல்லுறதும் விளங்குது. வீட்டில தமிழ் கதைச்சுப் பாருங்கோ."

அன்று மர்லின் தையல் மெஷினுக்கு முன்னால் இருந்து அழுதாள். "என்ட வீம்புக்கு என்ட பிள்ளைய ஊமையாக்கிப் போட்டனோ அக்கா? நத்தார்ப் பெருநாள் வரைக்கும் பாப்பன். பிறகு தமிழ்தான்."

அவளைத் தேற்றத் தெரியாமல் முடிவுகள் எழுதினேன்.

முடிவு அ: கிறிஸ்து பிறந்த நத்தாரன்று சட்டம் நீங்குகிறது. பிள்ளை தமிழில் "அம்மா" என்கிறது. ஒரு மொழி அவிந்துபோகிறது. (பரிசு கிடைக்கும்.)

முடிவு ஆ: கலியாண மண்டபம். வயலின். பிள்ளை திடீரென்று பாடுகிறது, சனம் எழும்பி நின்று—

மர்லின் இரண்டையும் வாசித்தாள். "முதலாவது பொய்," என்றாள். "ரெண்டாவது அதைவிடப் பொய்."

5

கோபத்தில் பழைய வரைவுகளைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் சிவரூபன் ஒரு மூலையில் வசனமே இல்லாமல் நின்றான். அவனை வெட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

(எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வசனம் இல்லாத பாத்திரத்தை வெட்டுமுன் அவனை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.)

நெரிசா பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று வேலிக்கு அந்தப் பக்கம் அவள் தண்ணீர் கேட்டதைக் கண்டேன். இழு, விடு. அச்சாகத் தகப்பனின் கை. அந்த வீட்டில் அம்மா கதைப்பாள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதுதான் வழக்கம் என்று பிள்ளை விளங்கிக்கொண்டிருக்கிறது.

சிவரூபனைப் படலைக்கு வெளியே பிடித்துச் சொன்னேன்.

"நான் வாய மூடினதுதான் அவளின்ட பாசைக்கு மரியாதை எண்டு நினைச்சனான், அக்கா. பிழையாக் கதைச்சா அவளின்ட ஆக்கள் சிரிப்பினமே."

"சிரிக்கட்டும். நீர் கதையும்."

மர்லினின் அண்ணனுடைய தச்சுப்பட்டறைக்குப் போய், இழைப்புளிச் சத்தத்துக்கு நடுவே, ஒரே ஒரு கேள்வியைப் பாடமாக்கினான்.

6

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த நேரம். நானும் மர்லின் வீட்டில் இருந்தேன். சிவரூபன் மகளுக்கு முன்னால் குந்தினான். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். பூனை எங்கே போனது என்று மர்லினின் மொழியில் கேட்டான். உச்சரிப்பு படுமோசம். மர்லின் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பினாள்.

பிள்ளை தகப்பனின் கையைத் தேடியது. காணவில்லை. வாயைப் பார்த்தது.

பிறகு அதே மொழியில் பதில் சொன்னது. ஒரு சொல் அல்ல. நீளமாக, மூச்சு வாங்க, நடுவில் ஒரு முறைப்பாட்டோடு. மர்லின் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். ஊரைக் கூட்டிக் காட்டவேண்டும் போல அவ்வளவு பெருமையாக இருந்தது.

"என்ன சொன்னவள்?" என்று பிள்ளைக்குக் கேட்காமல் மர்லினின் காதுக்குள் கேட்டேன்.

"சொல்ல மாட்டன்," என்று அவளும் குசுகுசுத்தாள்.

"மர்லின், கதைக்கு முடிவு வேணும்."

"அவள் சொன்னதுதான் முடிவு." கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அதைத் தமிழில மாத்தித் தர மாட்டன். வேணுமெண்டா வாசிக்கிற ஆக்கள் எங்கட பாசையப் பழகிக்கொண்டு வரட்டும்."

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. சிவரூபனிடமும் இல்லை, அவன் பாடமாக்கியது கேள்வியை மட்டும். குந்தியபடியே மர்லினைத் திரும்பிப் பார்த்தான்.

நெரிசா பொறுமையாக அவனுடைய இரண்டு கன்னங்களையும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். அவனுக்கு விளங்கும்படி, ஒவ்வொரு சொல்லாக, முதலிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினாள். நீங்களும் கிட்ட வந்து கேளுங்கள்.