சங்குப்பூ மயில்

என் தம்பி குகனுக்கு நிறம் என்றால் கடையில் டப்பாவில் விற்பது. பிரிக்பீல்ட்ஸில் விழா ஏற்பாடு செய்யும் கம்பெனி நடத்துகிறான். தீபாவளி வந்தால் ஷாப்பிங் மால்களில் கலர் அரிசிக் கோலம் போட ஆள் பிடிப்பான். இந்த வருஷம் கிள்ளானில் ஒரு மாலில் இயற்கைச் சாயம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். உடனே அவனுக்கு அக்கா ஞாபகம் வந்துவிட்டது.

நான் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகளைக் காப்பார் கடலோரத்துக்கு அழைத்துப் போய், சேற்றிலிருந்தும் இலையிலிருந்தும் நிறம் எடுக்கக் கற்றுக்கொடுத்தவள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் கற்றுக்கொண்டு, எங்கள் அம்மா சங்குப்பூ போட்டு நீலச் சோறு வடித்தாளே, அன்று பிடித்த பைத்தியம் இது. சாயம் எடுக்கும் வித்தையைக் குகனுக்கு மறைக்காமல் சொல்லிக்கொடுத்தேன். பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான்: கோலத்துக்குப் பக்கத்தில் வைக்கும் பலகையில் என் பெயர்.

"இத சொல்லணுமாக்கா? ஒன் பேருதான் மொதல்ல இருக்கும் லா," என்றான்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் போய்ப் பார்த்தேன். நடுவில் பெரிய நீல மயில். பலகையில், 'குகன் கண்டுபிடித்த இயற்கை வண்ணங்கள்'. என் பெயர் ஒரு மூலையிலும் இல்லை.

"ஸ்பான்சருக்கு ஒரு பேரு போதுமாம்க்கா. நமக்குள்ள என்னா?" என்று சிரித்தான்.

அம்மாவையும் என்னையும் சேர்த்து விழுங்கிவிட்டு ஏப்பம் விடுகிறான். எனக்கு வயிறு எரிந்தது. ஊர் முன்னால் இவன் தலைகுனிய வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் வீடு திரும்பினேன்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மறுநாள் காலை அவனே போன் செய்தான்.

"அக்கா, மயில்ல எறும்பு ஏறுது. விஐபி வரப்போறாங்க. என்னா அடிக்கிறது?"

"லீமாவ் கஸ்தூரி பிழிஞ்சு தண்ணியில கலந்து ஸ்ப்ரே பண்ணு. ஒரு எறும்பு நிக்காது."

பொய்யில்லை, எறும்பு போய்விடும். ஆனால் சங்குப்பூ நீலத்தில் அந்தக் குட்டி எலுமிச்சையின் புளிப்பு பட்டால் என்ன ஆகும் என்று என் மாணவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு பிடி அரிசியையாவது தன் கையால் தோய்த்தவனுக்குத் தெரிந்திருக்கும். குகன் ஆள் வைத்துத் தோய்த்தவன்.

நல்ல பட்டுச் சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன். மயிலின் கழுத்து ஊதா, தோகையெல்லாம் ரோஸ் கலரில் திட்டுத் திட்டாக, சொறி பிடித்த கோழி மாதிரி கிடந்தது. ஆளாளுக்குப் படம் எடுத்துச் சிரித்தார்கள். என் வயிறு குளிர்ந்தது.

என்னைப் பார்த்ததும் குகன் மைக்கைப் பிடித்தான். "இந்தக் கலர் வேலை முழுக்க எங்க அக்கா, புஷ்பவல்லி டீச்சர் செஞ்சது. தப்புன்னா அவங்களத்தான் கேக்கணும்."

கேட்ட பெயர் கிடைத்துவிட்டது, பழியோடு. என்னிடம் படித்த சந்திரகலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"டீச்சர், நீங்களா இப்படி?"

இல்லை என்றால் தப்பித்துவிடலாம். அப்புறம் அம்மாவின் நீலம் காலத்துக்கும் அவனுடையதாகிவிடும். அவன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன்.

"ஆமா, நான்தான். நீலமும் என்னோடது, இந்த ரோஸும் என்னோடது. இது ஏன் மாறுச்சுன்னு கண்டுபிடிச்சவருக்குத் தெரியுமான்னு கேளுங்க."

எல்லோரும் குகனைப் பார்த்தார்கள். அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நழுவினான்.

இந்தத் தீபாவளிக்கு அவன் என் வீட்டுக்கு வரவில்லை. சுட்ட முறுக்கை நானே உட்கார்ந்து தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.