அழுக்காகாத மேசை

சிவநந்தினிக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. பல்கலைக்கழகத்தில் அவள் மாய்ந்து மாய்ந்து உருவாக்கிய வெள்ளைப் பூச்சு அது. ஜன்னல் வெளிச்சம் பட்டாலே போதும், மேலே ஒட்டிய கிருமியெல்லாம் செத்துப்போகும். ஆய்வுகூடத்தில் சொன்ன சொல் கேட்ட பூச்சு, பலாபத்வல ஊரில் அத்தை அழகாயியின் சாப்பாட்டுக் கடைக்கு வந்ததும் அடம்பிடித்தது. ரொட்டி தட்டும் புது மேசைக்கு அதைப் பூசிக் கொடுத்திருந்தாள். ஞாயிறுதோறும் வந்து பஞ்சால் ஒற்றி எடுத்துப் போய்ப் பார்த்தால், கிருமி கல்யாண வீட்டுக் கூட்டமாய் மொய்த்துக் கிடந்தது. இன்னொரு தடவையும் இப்படியென்றால் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

மனசு கேட்காமல் ஒரு புதன்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள். தம்புள்ளைக்குப் போகும் மரக்கறி லொறிகள் வாசலில் நின்றன. அத்தை மும்முரமாய் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். எதன் மேல்? மூலையில் கிடந்த பழைய பலகை மேல்! புது மேசையோ பூப்போட்ட தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திக்கொண்டு சும்மா நின்றது. விரிப்பைத் தூக்கினால் அடியில் ஒரே ஈரம். தினமும் கடைத்துணியால் துடைத்து உடனே மூடிவிடுவாளாம். ஞாயிற்றுக்கிழமை மருமகள் வரும் நேரத்துக்கு மட்டும் விரிப்பை எடுத்துவிடுவாளாம்.

புது சோபா செட்டியின் பொலித்தீன் உறையை வருஷக்கணக்காய்க் கழற்றாத குடும்பம் இது. தெரிந்திருந்தும் தனக்கு அந்தப் பக்கம் புத்தி போகவில்லையே என்று நந்தினி தலையில் அடித்துக்கொண்டாள். கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"ஏன் அத்தை மூடி வச்சீங்க? வெளிச்சம் படாட்டி அது வெறும் பலகைதானே?"

அழகாயி மாவுக்கையை முந்தானையில் துடைத்தாள். "நம்ம குடும்பத்துல படிச்சு ஒரு சாமான் செஞ்சது நீ மட்டுந்தான் புள்ள. அதுல போயி எண்ணெயையும் மஞ்சளையும் எப்புடிச் சிந்துவேன்?"

வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனாலும் நந்தினி விடவில்லை. விரிப்பைச் சுருட்டித் தன் பைக்குள் திணித்துக்கொண்டு, ரொட்டி மாவைப் புது மேசைக்கு மாற்றினாள். முதல் மஞ்சள் கறை விழுந்தபோது அத்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பெற்ற பிள்ளை தடுக்கி விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த ஞாயிறு எடுத்த பஞ்சில் கிருமி அரிதாய்த்தான் இருந்தது. முந்திய சோதனைகள் ஏன் தோற்றன என்று பேராசிரியர் குடைந்தார். நந்தினி பயந்து பயந்து உண்மையைச் சொன்னாள். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். வெளிச்சத்தில் வேலை செய்கிறது, இருட்டில் செய்யவில்லை என்று காட்டுவதற்கு எப்படியும் ஒரு மேசையை மூடி வைத்துப் பார்க்கத்தானே வேண்டும், அதை உன் அத்தை முடித்துக் கொடுத்துவிட்டாரே என்றார். ஆராய்ச்சி தொடரட்டும், கட்டுரையில் அவருக்கு நன்றி சொல்லிப் பேரையும் போடு என்றார்.

நந்தினி உடனே அத்தைக்குப் போன் எடுத்துச் சொன்னாள்.

"என் பேரு வந்த பேப்பர்ல ஒன்னு கொண்டா புள்ள," என்றாள் அழகாயி. "அடுப்புக்கு நேரா ஒட்டுறேன். எண்ணெய் பட்டா படட்டும், வார போறவங்க எல்லாம் பாக்கட்டும்."